கோத்தகிரி ஏத்தத்துக்கு எலக்ட்ரிக் பைக்க வீட்லயே மாத்துனேன்: கன்ட்ரோலரு, ஸ்ப்ராக்கெட்டு, 8 மாச ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன். 14,500 ரூபா குடுத்து ஆன்லைன்ல வாங்குன புரோகிராமபிள் கன்ட்ரோலர (பேட்டரி கரண்ட மோட்டாருக்கு அளந்து விடற பெட்டி) விட, மேட்டுப்பாளையத்துல ஒரு லேத் பட்டறைல 1,650 ரூபாய்க்கு கடைஞ்சு வாங்குன பின்னாடி ஸ்ப்ராக்கெட்டு (செயின் ஓடற பல்சக்கரம்) தான் என் வண்டிய மலை ஏத்துச்சு. கன்ட்ரோலரு வேஸ்ட்டுன்னு சொல்லல, அதுலயும் நல்லது இருக்கு, ஆனா எத மொதல்ல செய்யணும் எத அப்புறம் செய்யணும்னு தெரியாம நான் தலைகீழா செஞ்சேன், அதுல ஒரு மோட்டாரு கருகறதுக்கு கொஞ்ச நேரம் தான் பாக்கி இருந்துச்சு. மலைல இருக்கறவங்க இந்த வேலைல எறங்கறதுக்கு முன்னாடி இத படிச்சுட்டு எறங்கணும்னு தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் கோத்தகிரி. கட்டபெட்டு பக்கம் ஒரு டீ ஃபேக்டரில எலக்ட்ரீசியன் வேலை. தெனமும் ஃபேக்டரிக்கு போய்ட்டு வர்றது பெரிய தூரம் இல்ல, பிரச்சனை அது இல்ல. வாரத்துல ரெண்டு தடவ மேட்டுப்பாளையம் எறங்கி ஏறணும், அங்க தான் அப்பா அம்மா இருக்காங்க, ஃபேக்டரிக்கு பேரிங் பெல்ட்டுன்னு சாமான் வாங்கறதும் கீழ தான். 33 கிலோமீட்டரு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து சுமாரா 325 மீட்டர்ல இருக்கு, கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. அதாவது ஒரே மூச்சுல 1,450 மீட்டருக்கு மேல ஏத்தம். கீழ தட்டையான ரோட்டுல ஓட்டறவங்களுக்கு இது புரியாது, கம்பெனிக்காரங்க சொல்ற மைலேஜ், டாப் ஸ்பீடு எல்லாமே தட்டையான ரோட்டுக்கு தான்.

வண்டி 72 வோல்ட், 40 ஆம்பியர் ஹவர் பேட்டரி, நடுவுல மோட்டாரு, அங்கேர்ந்து செயின்ல பின் சக்கரத்துக்கு. வாங்கி ஒன்றரை வருஷம் நல்லா தான் ஓடுச்சு, ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறும்போது குஞ்சப்பனை தாண்டி அரவேனு வர்றதுக்குள்ள ஒரு தடவையாவது மூச்சு வாங்கும், திடீர்னு பவர் பாதியா கொறஞ்சுரும், 20 ஸ்பீடுல உருண்டு உருண்டு போகும், பின்னாடி பஸ்காரர் ஹாரன அமுக்கிட்டே இருப்பாரு. அது ரிப்பேர் இல்ல, மோட்டார் சூடு அதிகமானா தன்னால பவர கொறைக்கற மாதிரி கம்பெனியே வச்ச பாதுகாப்பு. சர்வீஸ் சென்டர்ல கேட்டா எல்லா வண்டியும் இப்படித்தான் சார்னு அனுப்பிட்டாங்க. சரி நம்மளே பண்ணிக்கலாம்னு எறங்குனேன்.

இங்க ஒரு கணக்கு சொல்றேன், இது தெரிஞ்சா மத்ததெல்லாம் தன்னால புரியும். வண்டி 115 கிலோ, நான் 72, பேக்கு ரெயின்கோட்டு சாமான்னு சேத்தா மொத்தம் 200 கிலோ வச்சுக்கோங்க. 200 கிலோவ 1,450 மீட்டர் ஒசரத்துக்கு தூக்கறதுக்கு மட்டும் கிட்டத்தட்ட 0.8 யூனிட் கரண்ட் வேணும். இது இயற்கை கேக்கற கூலி, எந்த கன்ட்ரோலர் மாட்டுனாலும் இதுல ஒரு பைசா கொறையாது. அதுக்கு மேல டயர் உராய்வு, காத்து, மோட்டார்லயும் கன்ட்ரோலர்லயும் சூடா போறது. என் பேட்டரி மொத்தமே 2.88 யூனிட்டு தான். பழைய செட்டிங்ல மேல வந்து சேரும்போது 100ல இருந்து 40 சதவீதத்துக்கு எறங்கிருக்கும். அப்போ நம்ம கைல இருக்கறது அந்த சூடா போற பங்கு மட்டும் தான். மலைல பெர்ஃபார்மன்ஸுன்னா அந்த சூட்ட கொறைக்கறது, வேற ஒண்ணும் இல்ல. இது எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும், ஃபேக்டரில மோட்டாரோட தான் பொழப்பு, ஆனா யூடியூப்ல வீலிங் வீடியோ பாத்து பாத்து புத்தி வேற பக்கம் போயிருச்சு.

சரி கன்ட்ரோலர். போன்ல ப்ளூடூத் ஆப் வழியா எல்லா செட்டிங்கும் மாத்தலாம், மோட்டாருக்கு கரண்ட அலை மாதிரி சீரா குடுக்கற சைன் வேவ் டைப்பு, அலுமினிய பாடி, கனமா நல்லா இருந்துச்சு. பேக்கிங் நல்லா இருந்துச்சு, ஒயரு தரமா இருந்துச்சு, கனெக்டர்ல ரப்பர் சீல் எல்லாம் கரெக்டா இருந்துச்சு. ஆனா வித்தவங்க மேல எனக்கு ஒரு பெரிய வருத்தம் இருக்கு. உங்க மோட்டாருக்கு ஏத்த மாதிரி செட் பண்ணி அனுப்பறோம்னு சொல்லி அதுக்கு தனியா 800 ரூபா வாங்குனாங்க, வந்த பீஸ்ல மோட்டார் டெம்பரேச்சர் சென்சார் வகையே தப்பா செட் ஆகிருந்துச்சு. ஆப்ல மோட்டார் சூடு எப்பவும் ஒரே நம்பர் காட்டிட்டு இருந்துச்சு, நானும் ஆஹா என்னா கூலா ஓடுதுன்னு நம்பிட்டேன். அப்புறமா சந்தேகம் வந்து சென்சார் ஒயர கழட்டி மல்டிமீட்டர் வச்சு பாத்தா ரூம் சூட்டுல 11 கிலோ ஓம்ஸ் கிட்ட காட்டுது, ஹேர் டிரையர்ல மோட்டார் மூடிய சூடு பண்ணா ஓம்ஸ் எறங்குது. அப்போ அது என்டிசி 10கே வகை. ஆப்ல செட் பண்ணிருந்தது சூடு ஏற ஏற ஓம்ஸும் ஏறற வேற வகை. ஒரே ஒரு ஆப்ஷன மாத்துனதும் சரியா காட்ட ஆரம்பிச்சுது. வாட்ஸப்ல கேட்டதுக்கு 9 நாள் கழிச்சு பதில் வந்துச்சு. இந்த விஷயத்த ஏன் இவ்ளோ சொல்றேன்னா இந்த சென்சார் பொய் சொன்னா மோட்டார காப்பாத்த வேற யாரும் இல்ல. நீங்க எங்க வாங்குனாலும் மாட்டறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ செக் பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

மாட்டறதுக்கு ஒரு ஞாயித்துக்கெழம பூரா ஆச்சு. 72 வோல்ட்டுன்னு எழுதிருக்கும், ஃபுல் சார்ஜ்ல 84 வோல்ட் டிசி, அது வெளையாட்டு இல்ல. மோதிரம், வாட்ச், கைல இருக்கற காப்பு எல்லாம் கழட்டி வச்சுட்டு தான் எறங்கணும், ஸ்பேனருக்கு பிடி வரைக்கும் இன்சுலேஷன் டேப் சுத்திக்கோங்க, கைதவறி ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல விழுந்தா வெல்டிங் அடிச்ச மாதிரி உருகிரும். கன்ட்ரோலருக்கு உள்ள பெரிய கெப்பாசிட்டர் இருக்கறதால பேட்டரிய நேரா சொருகுனா பளீர்னு ஒரு பொறி வரும், கனெக்டர் முனை கருகிரும். 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ண ரெண்டு மூணு செகண்ட் நடுவுல வச்சு கெப்பாசிட்டர நெரப்பிட்டு அப்புறம் சொருகுனா சத்தமே இல்லாம ஒக்காரும். அப்புறம் பின் சக்கரத்த தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்தி ஆட்டோ லேர்னிங் போட்டா மோட்டார் தானா சுத்தி ஹால் சென்சார் (மோட்டார் எந்த நிலைல இருக்குன்னு சொல்ற சென்சார்) வரிசைய கத்துக்கும். எனக்கு மொதல்ல சக்கரம் பின்னாடி சுத்துச்சு, ஆப்ல திசைய மாத்துனா போதும். சக்கரம் தரைல இருக்கும்போது மட்டும் இத பண்ணிராதீங்க.

பேட்டரி பெட்டிய நான் தொறக்கவே இல்ல, தொறக்கவும் மாட்டேன். பிஎம்எஸ்ஸ (செல்ல காப்பாத்தறதுக்கு பேட்டரிக்குள்ளயே இருக்கற சர்க்யூட்டு) பைபாஸ் பண்ணா இன்னும் ஆம்ப்ஸ் கெடைக்கும்னு சொல்றவங்க இருக்காங்க. 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசிலயும் ரெண்டு கட்டமா ஏஐஎஸ் 156 பேட்டரி ரூல கடுமையாக்குனதுக்கு காரணமே வண்டிங்க வரிசையா தீப்பிடிச்சது தான். வீட்டுக்குள்ள திண்ணைல நிறுத்தற வண்டி, உள்ள கொழந்தைங்க தூங்குது.

இப்போ நான் செஞ்ச தப்பு. கன்ட்ரோலர்ல ரெண்டு கரண்ட் இருக்கு, பேட்டரில இருந்து வர்றது ஒண்ணு, மோட்டார் ஒயருக்கு போற ஃபேஸ் கரண்ட் இன்னொண்ணு. மெதுவா போகும்போது பேட்டரில இருந்து 40 ஆம்ப்ஸ் தான் வந்தாலும் மோட்டாருக்குள்ள அதுக்கு பல மடங்கு ஓடும். இழுவை குடுக்கறதும் அதுதான், சூடு குடுக்கறதும் அதுதான். பழைய கன்ட்ரோலர்ல ஃபேஸ் 180ல இருந்துச்சு, நான் 250 வச்சேன். மறுநாள் மேட்டுப்பாளையத்துல இருந்து கெளம்புனா பாருங்க, வரையாடு மாதிரி ஏறுச்சு, மொத வளைவுல இருந்தே ஒரு ஆட்டோவ, ரெண்டு டெம்போவ தாண்டி போனேன், அவ்ளோ சந்தோஷம். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி கொஞ்ச தூரத்துல ஒரு வாசனை வந்துச்சு.

ஃபேக்டரில வேலை பாக்கறவன் எவனுக்கும் அந்த வாசனைய மறக்க முடியாது. வார்னிஷ் கருகற வாசனை, கொஞ்சம் இனிப்பா, கொஞ்சம் மீன் மாதிரி, மூக்குல ஒட்டிக்கும். டீ எலைய நசுக்கற சிடிசி மெஷின் மோட்டார் ஒண்ணு ஓவர்லோடாகி எரிஞ்ச ராத்திரி வந்த அதே வாசனை. ஒடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன். டெம்பரேச்சர் கன் எப்பவும் பேக்ல இருக்கும், மோட்டார் வெளி ஓட்டுல காட்டுனா 131. வெளிலயே 131னா உள்ள வைண்டிங்ல இன்னும் மேல. வைண்டிங் போனா ரீவைண்டிங் பண்ணிக்கலாம், ஆனா உள்ள இருக்கற மேக்னட் அப்படி இல்ல, சாதா கிரேடு நியோடைமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேலயே பலம் போக ஆரம்பிச்சிரும், எச் கிரேடு 120, எஸ்எச் கிரேடு 150 வரைக்கும் தாங்கும்னு கணக்கு. ஒரு தடவ சூட்டுல காந்த சக்தி போச்சுன்னா ஆறுனாலும் திரும்ப வராது. முக்கால் மணி நேரம் அங்க இருந்த ஒரு பலா மரத்தடில ஒக்காந்திருந்தேன். சென்சார் தப்பா செட் ஆகிருக்குன்னு சந்தேகம் வந்ததே அங்க தான், ஆப்ல அப்பவும் மோட்டார் 24 டிகிரின்னு காட்டிட்டு இருந்துச்சு.

(பலா சீசன்ல அந்த எடத்துல நிக்காதீங்க. யானை வரும். எலக்ட்ரிக் வண்டில சத்தம் இல்லாததால நாம வர்றது அதுக்கும் தெரியாது, வளைவுல திரும்புனதும் நேருக்கு நேர். நான் அந்த பக்கத்துல ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிச்சிட்டு தான் போவேன், லைட்ட அணைக்க மாட்டேன்.)

வீட்டுக்கு வந்து யோசிச்சா வெக்கமா இருந்துச்சு. கரண்ட் டபுள் ஆனா சூடு நாலு மடங்கு, இது ஐடிஐ மொத வருஷ பாடம். 180ல இருந்து 250 ஆக்குனா முழு முறுக்குல சூடு கிட்டத்தட்ட டபுள். அப்போ கரண்ட கூட்டாம சக்கரத்துல இழுவைய கூட்டணும்னா ஒரே வழி பின்னாடி ஸ்ப்ராக்கெட்டுல பல்ல கூட்டறது தான். நம்ம ஊட்டி ரயில் கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் 12 அடி போனா ஒரு அடி ஏத்தம்ங்கற மாதிரி பாதைல 1899ல இருந்து ஏறிட்டு இருக்கு, தண்டவாளத்துக்கு நடுவுல பல்சட்டம் போட்டு பல்சக்கரத்துல தான் ஏறுது. அது வழுக்காம ஏறறதுக்கு, நம்ம கதை வேற, ஆனா பல்லுன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

பட்டறை மேட்டுப்பாளையத்துல. பேர் போட வேண்டாம்னு அந்த அண்ணன் சொல்லிட்டாரு, அதனால போடல. பழைய ஸ்ப்ராக்கெட்ட கைல குடுத்ததும் வெர்னியர் வச்சு நடு ஓட்டை, போல்ட் ஓட்டை எல்லாத்தையும் மூணு தடவ அளந்தாரு.

"ஏனுங் தம்பி, ஓட்டம் வேணுமுங்களா, இழுவை வேணுமுங்களா? ரெண்டும் ஒண்ணா வராதுங்."

"இழுவை தானுங்கண்ணா, கோத்தகிரி ஏறணும்."

"அப்ப 36 பல்லு இருக்கறத 42 ஆக்கிக்கலாமுங். 44 போட்டா செயின் கவர்ல ஒரசுமுங், வேண்டாமுங்."

அவ்ளோதான் பேச்சு. ரெண்டு நாள் கழிச்சு போனா இஎன்8 இரும்புல கடைஞ்சு, பல்லுக்கு ஹார்டனிங் குடுத்து, ஓரத்துல பிசிர் ஒண்ணு கூட இல்லாம ராவி, எண்ணெய் தடவி பேப்பர்ல சுத்தி வச்சிருந்தாரு. நடு ஓட்டை ஹப்புல கையால தள்ளுனா ஒக்காருது, ஆனா ஆட்டம் இல்ல. அந்த ஃபிட்டிங்க பாத்ததும் ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, கம்பெனி பார்ட்ல கூட நான் அப்படி பாத்ததில்ல. சக்கரத்த சுத்திவிட்டு பக்கத்துல ஒரு ஸ்க்ரூடிரைவர் முனைய வச்சு பாத்தேன், அலைச்சலே இல்ல. 1,650 ரூபா, பேரம் பேச மனசு வரல.

ஆறு பல்லு கூடுனா செயின் நீளம் பத்தாது. 428 செயின் தான், நாலு கண்ணி சேத்து பின் ஆக்ஸில கொஞ்சம் பின்னாடி தள்ளி டைட் வச்சேன். செயின் கவர் கீழ் ஓரத்துல லேசா ஒரசுச்சு, வாஷர் ஒண்ணு குடுத்து வெளிய தள்ளிட்டேன். கன்ட்ரோலர்ல ஃபேஸ் கரண்ட திரும்ப 180க்கே கொண்டு வந்துட்டேன்.

36ல இருந்து 42னா அதே இழுவைக்கு மோட்டார் கரண்ட் 14 சதவீதம் கொறைஞ்சா போதும், சூட்டு கணக்குல அது கிட்டத்தட்ட 26 சதவீதம் கம்மி. காகிதத்துல சொல்றது ரோட்டுல வருமான்னு தான் சந்தேகம். அதே வழி, அதே சாமான், அரவேனுல நிறுத்தி கன் வச்சா, கம்பெனி செட்டிங்ல 118 காட்டுன எடத்துல இப்போ 95. பவர் கட் ஆகறது நின்னே போச்சு. 8 மாசத்துல ஒரு தடவ கூட ஆகல. வீடு வந்து சேரும்போது பேட்டரி 46ல நிக்குது. டாப் ஸ்பீடு 80ல இருந்து 68க்கு எறங்கிருச்சு, அதுக்காக ஒரு நாள் கூட நான் ஏங்குனது இல்ல, இந்த ரோட்டுல 68ல போறதுக்கு எடம் எங்க இருக்கு. கோயம்புத்தூர் பைபாஸ்ல ஓட்டறவங்களுக்கு இது ஒத்து வராது, அவங்களுக்கு நான் சொல்லல.

இன்னொண்ணும் கவனிச்சேன். மலை ஏற ஏற காத்து அடர்த்தி கொறையும், கோத்தகிரி ஒசரத்துல கடல் மட்டத்த விட 15 சதவீதத்துக்கு மேல கம்மி. பெட்ரோல் வண்டி அதனால மூச்சு தெணறும், நம்ம வண்டிக்கு அந்த கவலை இல்ல, எல்லாரும் அத பெருமையா சொல்றாங்க. ஆனா மோட்டார ஆத்தறதும் அதே காத்து தான, மெல்லிசான காத்து சூட்ட கம்மியா தான் எடுத்துட்டு போகும். ஊட்டி 2,240 மீட்டரு, அங்க வரைக்கும் போறவங்க இத மனசுல வச்சுக்கணும்.

அப்போ கன்ட்ரோலர் எதுக்குன்னு கேப்பீங்க. மூணு விஷயத்துக்கு அத விட்டுக்குடுக்க மாட்டேன். ஒண்ணு, மோட்டார் சூடு கண்ணு முன்னாடி நம்பரா தெரியுது, 105 வந்தா தன்னால மெதுவா பவர கொறைக்கற மாதிரி வச்சிருக்கேன், திடீர்னு பாதியா வெட்டறது இல்ல. ரெண்டு, த்ராட்டில் சாந்தமா எடுக்குது, மழைல சில்வர் ஓக் எலை ரோடு பூரா ஒட்டிக் கெடக்கும் பாருங்க, பழைய கன்ட்ரோலர்ல அந்த எடத்துல பின் டயர் வழுக்கும், இப்போ வழுக்கறதில்ல. மூணாவது ரீஜென், எறக்கத்துல மோட்டாரே ப்ரேக் புடிச்சு கொஞ்சம் சார்ஜும் ஏத்தறது. இந்த மூணாவத பத்தி தான் கண்டிப்பா சொல்லணும்.

அப்பா 31 வருஷம் இந்த மலைல லாரி ஓட்டுனவரு. நான் பைக் எடுத்த நாள்ல இருந்து ஒரே வார்த்தை தான் சொல்லுவாரு, "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே எறங்குடா, ப்ரேக்க நம்பாத." இந்த வண்டில கியரே இல்லப்பான்னா, "அப்ப எது புடிக்கும்?"னு கேட்டாரு. ரீஜென் புடிக்கும்னு சொன்னேன். நல்லா தான் புடிச்சுது. ஒரு நாள் காலைல வீட்ல ராத்திரி பூரா சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோட எறங்கறேன், லேசான தூறல், அரவேனு தாண்டி மூணாவது எறக்கத்துல வளைவுக்கு முன்னாடி த்ராட்டில விட்டேன், வண்டி எப்பவும் போல புடிச்சு நிதானமாகணும், ஒண்ணுமே புடிக்கல. புடிச்சுகிட்டு இருந்த கைய யாரோ சட்டுனு விட்ட மாதிரி வண்டி முன்னாடி ஓடுது. டிஸ்ப்ளேல எரர். ரெண்டு ப்ரேக்கையும் சேத்து புடிச்சு, பின் டயர் அலைஞ்சு, வளைவோட வெளி ஓரத்துல தடுப்பு சுவருக்கு ஒரு முழத்துல நின்னேன். எதுக்கால வண்டி வரல, அது கடவுள் புண்ணியம்.

என்ன ஆச்சுன்னா ஃபுல்லா இருக்கற பேட்டரிக்குள்ள இன்னும் கரண்ட தள்ளுனா அதுக்கு எடம் இல்ல. செல்ல காப்பாத்த பிஎம்எஸ் சார்ஜ் வழிய மூடிருச்சு, போக எடமில்லாத கரண்டால கன்ட்ரோலர்ல வோல்ட்டேஜ் எகிறி அதுவும் கைய தூக்கிருச்சு. யாரு மேலயும் தப்பு இல்ல, பிஎம்எஸ் அது வேலைய பாத்துச்சு. ஆனா கீழ இருக்கறவங்களுக்கு இந்த பிரச்சனையே வராது, அவங்க ஃபுல் சார்ஜ்ல கெளம்புனா தட்டையான ரோட்டுல பேட்டரி கொறைஞ்சிரும். மலைல வீடு இருக்கறவங்களுக்கு தான் ஃபுல் சார்ஜோட மொத கிலோமீட்டர்லயே எறக்கம். எந்த வீடியோலயும் எவரும் இத சொல்லல. அதனால இப்போ கீழ போற நாள்ல 81 வோல்ட்ல சார்ஜர உருவிடுவேன், அது சுமாரா 85 சதவீதம். ரீஜென் கரண்ட 15 ஆம்ப்ஸுக்கு மேல விடறதில்ல, அதுவும் மெதுவா ஏறற மாதிரி வச்சிருக்கேன், சட்டுனு புடிச்சா ஈர ரோட்டுல பின் சக்கரம் இழுத்துட்டு போயிரும். ரீஜென் இருக்குன்னு ப்ரேக் பேட மறக்கவும் கூடாது. அப்பாகிட்ட இத சொன்னப்போ திட்டல, முன்னாடி டிஸ்க் பேட கையால தடவி பாத்து புதுசு வாங்கி போடுன்னு மட்டும் சொன்னாரு.

எறங்கும்போது எவ்ளோ சார்ஜ் ஏறும்னு நெறைய பேரு கேக்கறாங்க, பாதி பேட்டரி நெறைஞ்சிரும்னு ஒரு நம்பிக்கை. எனக்கு 33 கிலோமீட்டர் எறங்குனா 7 சதவீதம் ஏறுது, அவ்ளோதான். ஒசரம் ஏறறதுக்கு மட்டும் செலவான 0.8 யூனிட்ல டயர் உராய்வும் காத்தும் பாதிக்கு மேல தின்னுரும், மிச்சத்துலயும் மாத்தற வழில கொஞ்சம் போயிரும். ஆனா ப்ரேக் டிஸ்க் சூடாகாம கீழ வர்றது பாருங்க, அந்த 7 சதவீதத்த விட அது தான் பெருசு. ரீஜென் வச்சா செயினோட கீழ் பக்கமும் இழுபடும், அதனால செயின் தொய்வா இருந்தா டக்கு டக்குன்னு அடிக்கும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ டைட் பாக்கணும்.

ஈரம் பத்தி கொஞ்சம். நவம்பர் மாசம் நாள் பூரா மிஸ்ட், எதுவும் காயாது. ரெண்டாவது மாசமே ஹால் சென்சார் கனெக்டர் பின்ல பச்சை பூத்துருச்சு, வண்டி ஸ்டார்ட்டிங்ல உதறுச்சு. காண்டாக்ட் கிளீனர் போட்டு தொடச்சு டைஎலக்ட்ரிக் கிரீஸ் அப்பி, ஒயர கீழ ஒரு வளைவு விட்டு மேல கொண்டு போயிருக்கேன், தண்ணி வளைவுல சொட்டிரும், கனெக்டருக்கு போகாது. டிசம்பர் ஜனவரில உறைபனி விழற எடத்துல இருக்கறவங்க, தலைகுந்தா பக்கமெல்லாம், விடியக்காலைல சார்ஜ் போடாதீங்க. பூஜ்ஜியத்துக்கு கீழ லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏத்துனா உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு செல் கெட்டுரும். சாயங்காலம் வண்டி ஓட்டிட்டு வந்த சூட்டோட போட்டுருங்க.

இத கண்டிப்பா சொல்லணும், மறைக்கல. மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52வது பிரிவுபடி கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது. 2019ல திருத்துன 182ஏ பிரிவுல அனுமதி இல்லாம மாத்துன ஓனருக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா ஃபைன், இல்ல ரெண்டும்னு இருக்கு. வாரன்டி போயிரும், எனக்கு போச்சு. இன்சூரன்ஸ் க்ளைம்ல கேள்வி வரும். நான் ஆர்சில இருக்கற மோட்டார், பேட்டரி, ஃப்ரேம் எதையும் தொடல, ஆனா அதனால இது சட்டப்படி சரின்னு ஆகாது. பழைய கன்ட்ரோலரும் 36 பல்லும் அட்டைப்பெட்டில பத்திரமா இருக்கு, ஒரு மணி நேரத்துல திரும்ப மாட்டிரலாம். வாரன்டி பாக்கி இருக்கறவங்க, தயவு செஞ்சு அவசரப்படாதீங்க, மொதல்ல கம்பெனிலயே மலைக்கு வேற ஸ்ப்ராக்கெட் இருக்கான்னு எழுதி கேளுங்க.

லேத் பட்டறை அண்ணனுக்கு அஞ்சுக்கு அஞ்சு, சந்தேகமே இல்ல. கன்ட்ரோலர் பொருளுக்கு நாலு, வித்தவங்க சர்வீஸுக்கு ஒண்ணரை. கைல 2,000 ரூபா தான் இருக்குன்னா பல்ல மட்டும் மாத்துங்க, பழைய கன்ட்ரோலரே போதும், எனக்கு கெடைச்சதுல முக்கால்வாசி உங்களுக்கும் கெடைக்கும். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஓட்டி பாத்துட்டு வேணும்னா கன்ட்ரோலர் பக்கம் போங்க.

என் செட்டிங் கேட்டவங்களுக்கு: பேட்டரி கரண்ட் 60, ஃபேஸ் 180, ரீஜென் 15, மோட்டார் சூடு 105ல கொறைய ஆரம்பிச்சு 120ல நிக்கணும், ஃபீல்ட் வீக்கனிங் (மோட்டார் காந்தப்புலத்த கொறைச்சு டாப் ஸ்பீட ஏத்தற செட்டிங்) பூஜ்ஜியம். இது என் மோட்டாருக்கு, உங்களுது வேறயா இருக்கும், கம்பெனி நம்பர்ல இருந்து ஆரம்பிச்சு சூட்ட பாத்து பாத்து மாத்துங்க. மாத்தற ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு ஒரு பேப்பர்ல எழுதுறேன், பிளாஸ்டிக் கவர்ல போட்டு சீட்டுக்கு அடில ஒட்டி வச்சிருக்கேன், போன் தொலைஞ்சாலும் அது இருக்கும்.